நான் பார்க்காத தடுமாற்றம்

ரக்பி நடுவரை எங்கள் பக்கத்தில் அம்பயர் என்றுதான் சொல்வார்கள். கிரிக்கெட் பார்த்து வந்த பழக்கம். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். கொடைக்கானலிலும் கீழே பழனியைச் சுற்றியும் உள்ள சில பள்ளிகள் சேர்ந்து நடத்தும் பிள்ளைகளின் ரக்பிப் போட்டிகளுக்கு நடுவர்களை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. நாயுடுபுரத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். கல்லூரியில் படிக்கும்போது கொஞ்ச காலம் ரக்பி ஆடியிருக்கிறேன். அதைத் தவிர இதற்கென்று எனக்குத் தனித் தகுதி ஏதும் இல்லை. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என் தலையில் விழுந்த வேலை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் ஓட ஒருவர் வேண்டும். இரண்டு பக்கக் கோட்டிலும் கொடி பிடிக்க இருவர் வேண்டும். அவர்களுடைய சொந்தக்காரப் பிள்ளைகள் யாரும் அந்த அணிகளில் இருக்கக் கூடாது. அவர்கள் நேரத்துக்கு மைதானம் வந்து சேர வேண்டும், ஆட்டம் முடிந்ததும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் சிரமம். வீட்டில் சாந்தமாக இருக்கும் மனிதர்கள்கூட, தங்கள் பிள்ளை பந்தோடு ஓடுவதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போது வேறு ஆளாகிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கும் நடுவருக்கும் இடையில் போய் நிற்பதற்கு ஒரு ஆள் தேவை. அந்த ஆள்தான் நான்.

எனக்குக் கிடைத்த நடுவர்களில் நான் அதிகம் நம்பியது, பஜாரில் ஸ்வெட்டரும் கம்பளியும் விற்கும் பாயை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். சின்ன வயதில் மலையிலேயே ஒரு மிஷன் பள்ளியில் படித்தபோது ரக்பி பழகியவர். சனி, ஞாயிறுகளில்தான் சுற்றுலாக் கூட்டத்தால் கடைக்கு வியாபாரம். அந்த நாட்களில்தான் எங்களுக்கு ஆட்டமும். தம்பியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். வீட்டில் இதற்குத் திட்டு விழுகிறது என்று அவரே சொல்லுவார். அதிகம் பேச மாட்டார். ஒரு முடிவு தப்பாகிவிட்டால் ஆட்டம் முடிந்த கையோடு என்னிடம் வந்து, "டீச்சர், அந்த ரெண்டாவது பெனால்ட்டி எம்மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

போன வருடம் அட்டுவம்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த அரையிறுதி ஆட்டத்துக்கு அவரைத்தான் போட்டிருந்தேன். பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள். ஒரு பக்கம் கொடைக்கானல் அணி, இன்னொரு பக்கம் பழனி அணி. அன்றைக்கு மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்க இரண்டு தேர்வாளர்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழனியிலிருந்து அணியின் வண்டியோடு இன்னொரு வேன் நிறையச் சொந்தக்காரர்களும் வந்து இறங்கினார்கள். அந்த வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பெண்ணின் ஆட்கள். அவள் பழனி அணியின் கேப்டன். அவளுடைய அப்பா அடிவாரத்தில் பக்தர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்று நடத்துகிறார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். வந்ததும் என்னிடம் மரியாதையாக வணக்கம் சொன்னார்.

அந்தப் பெண் ஆடியதைப் பார்த்தால் யாரும் அவளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஒல்லியான உடம்பு. ஆனால் தன்னைவிடப் பெரிய பெண்களைக்கூடக் காலோடு சேர்த்துக் கட்டிப் பிடித்து விழத்தட்டினாள். தேர்வாளர்களில் ஒருவர் அடிக்கடி குனிந்து மற்றவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பாதி முடியப் போகிற நேரம். கோட்டுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்ட இரண்டு பேரைப் பின்னால் போகச் சொல்லி நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூட்டம் 'ஓ' என்றது. அடுத்த நொடி பாயின் விசில். திரும்பிப் பார்த்தபோது, கொடைக்கானல் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழனிக் கேப்டன் நின்றுகொண்டிருந்தாள். பாய் அவள் முன்னால் நின்று, தன் தலையை ஒரு கையால் தொட்டுக் காட்டி, வெளியே போகும்படி இன்னொரு கையை நீட்டினார்.

பிள்ளைகள் ஆட்டத்தில் இந்த விதிக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்று நடுவருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், அந்தப் பிள்ளை வெளியே வந்துவிட வேண்டும். அன்றைக்கு மறுபடி உள்ளே போக முடியாது. அவளுக்குப் பதில் வேறொருத்தி ஆடுவாள்.

அவள் நகரவில்லை. "சார், எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள். பாய் ஏதோ சொன்னார். அவள் மறுபடி அதையே சொன்னாள். அதற்குள் அவளுடைய அப்பா மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"உள்ள வராதீங்கய்யா. வெளிய போய்ப் பேசலாம், வாங்க."

"என்னங்க பேசறது? புள்ள நல்லா நிக்கிது. வெளிய போங்கிறாரு. அடிபட்டவளுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தலைல அடின்னா அது அடிபட்டவங்களுக்கே தெரியாதுங்கய்யா. அதுக்குத்தான் விதி."

"அடியே படலைங்கிறேன்."

அவரை மெல்லக் கயிற்றுப் பக்கம் கூட்டி வந்தேன். அந்தப் பெண்ணும் கடைசியில் வெளியே வந்தாள். அவள் உட்காரவே இல்லை. கைகளை இறுக்கக் கட்டிக்கொண்டு தேர்வாளர்கள் இருந்த பக்கத்தையே பார்த்து நின்றாள். போட்டிக்காக வந்திருந்த நர்ஸ் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், என்ன ஊர், எத்தனை புள்ளி, கடைசியாகக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி யார் ட்ரை போட்டார்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று சரியாகச் சொன்னாள். ஒவ்வொரு பதிலைச் சொல்லும்போதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நர்ஸ் என்னைத் தனியே அழைத்தார். "இப்ப ஒண்ணும் தெரியல மேடம். ஆனா சில பேருக்குக் கழிச்சுத்தான் வரும். ஆடலாம்னு நான் சொல்ல மாட்டேன்."

இடைவேளை விசில் அடித்தது. பக்கக் கோட்டில் கொடி பிடித்திருந்த வில்பட்டிப் பெண் என்னிடம் வேகமாக வந்தாள். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறவள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"மிஸ், நான் நேரா நின்னு பாத்தேன். அவ தடுமாறல மிஸ். விழுந்தா, ஒடனே எந்திரிச்சிட்டா. அவ்வளவுதான்."

"தலை மோதுச்சா?"

"மோதுனாப்ல இருந்துச்சு. இடுப்புலயா கால்லயான்னு தெரியல. ஆனா தடுமாறல."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லாதே, பாயிடம் மட்டும் போய்ச் சொல் என்றேன். மைதான நடுவில் பாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் நின்றோம். அவள் சொன்னதை அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"சரிம்மா. நீ பாத்ததச் சொல்லிட்ட, நல்லது. எனக்கு அவ எந்திரிச்சு ஒரு எட்டு பக்கவாட்டுல வச்சதாத் தெரிஞ்சுச்சு. கண்ணும் ஒரு மாதிரி இருந்துச்சு."

பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?"

உறுதிதானா பாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அவர் ஒருவேளை யோசித்திருப்பார். அந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதே அவருக்கு ஒரு பதிலாகியிருக்கும். "உங்க முடிவுதான் பாய். நான் வெளிய பாத்துக்கிறேன்" என்றேன்.

வெளியே வந்தபோது அப்பா எனக்காகக் காத்திருந்தார். கூட வந்த ஒரு பையன் போனில் எடுத்திருந்த வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டேன். இரண்டு பெண்கள் மோதி விழுகிறார்கள். அவள் எழுந்திரிக்கும்போது இன்னொரு பெண் குறுக்கே ஓடுகிறாள். அவள் விலகியதும் கேப்டன் நேராக நிற்பது தெரிகிறது. சிரிக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

"எங்க தடுமாறுனா, காட்டுங்க" என்றார்.

"இதுல தெரியல."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்கய்யா. நான் அப்ப இந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்."

"பாக்கலையா? அப்ப எத வச்சுங்க பேசுறீங்க?"

"அவரு பாத்தாரு. அத வச்சுத்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எம் பொண்ணு மூணு வருசமா வெள்ளனே எந்திரிச்சு ஓடிட்டு இருக்கா. அந்த ரெண்டு பேரு இன்னைக்கு ஒரு நாள்தான் வருவாங்க. உங்களுக்கு இது ஒரு சனிக்கிழம சோலி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் கேப்டன் இல்லாமல் பழனி அணி தடுமாறியது. கடைசி நேரத்தில் கொடைக்கானல் பெண்கள் ஒரு ட்ரை போட்டு ஜெயித்தார்கள். பாய் எந்த முடிவு சொன்னாலும் பழனிக் கூட்டம் கூச்சல் போட்டது. நான் கயிற்றோரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். இதற்கு நடுவில் அந்தப் பெண்ணுக்கு வாந்தி வருகிறதா, தலையைப் பிடிக்கிறாளா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். அவள் கை கட்டியபடியே நின்றாள்.

ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூவரையும் பள்ளிச் சமையற்கட்டு வழியாகப் பின் கேட்டுக்கு அனுப்ப நினைத்திருந்தேன். பாயின் ஸ்கூட்டர் முன் கேட்டில் நின்றது. அதன் மேல் பழனிக்காரர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வேனைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.

"பாய், பின்னாடி போங்க. ஸ்கூட்டர அப்புறம் நான் கொண்டாரேன்."

"நான் என்ன திருடிட்டா போறேன் டீச்சர்?" என்று சொல்லிவிட்டு முன்பக்கமே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கேட்டில் அப்பா முன்னால் வந்தார். "ஏங்க அம்பயர், உங்களுக்கும் புள்ளைங்க இருக்கும்ல?"

"ரெண்டு பொண்ணுங்க."

"அதுகளா இருந்தா இப்பிடிப் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன்."

யாரோ கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்கள். பாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பாவிடமே பேசினார். "இன்னைக்குப் புள்ளையத் தனியாத் தூங்க விடாதீங்க. தலவலி, வாந்தின்னா வெரசா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றார். உட்கார்ந்திருந்தவர் எழுந்திரிக்கவில்லை. பாய் எழுந்திரிக்கச் சொல்லவும் இல்லை, சும்மா நின்றார். யாராவது ஒருவர் கையை ஓங்கினால் என்னால் எதையும் தடுக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக் காவலாளி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் ஜன்னலிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "மாமா, எந்திரிங்க. போவோம்."

அவர் எழுந்தார். பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் எனக்கு வாட்ஸப்பில் ஒரு ஸ்கேன் படம் வந்தது. கீழே, 'டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. உங்க அம்பயர்கிட்ட காட்டுங்க' என்று எழுதியிருந்தது. அப்பாடா என்று இருந்தது. கூடவே, ஏதாவது இருந்திருந்தால் நாங்கள் செய்தது சரியென்று ஆகியிருக்குமே என்று ஒரு எண்ணம் தலைகாட்டியது. ஒரு குழந்தையைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றியதே என்று கூசிப்போனேன். 'ரொம்ப சந்தோஷம்ங்கய்யா' என்று பதில் போட்டேன். முகாமுக்கான பெயர்கள் அந்த வாரம் வெளிவந்தன. அவள் பெயர் இல்லை. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

போட்டிக் குழுவின் தலைவர் போன் செய்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது. "கொஞ்ச நாளைக்கு அவர எதுலயும் போட வேண்டாம்மா. சூடு ஆறட்டும். பழனிக்காரங்க அடுத்த வருசம் டீமே அனுப்ப மாட்டோங்கிறாங்க."

"இதுக்காக அவர நிறுத்துனா, இனிமே ஒரு நடுவரும் ஒரு புள்ளையையும் வெளிய அனுப்ப மாட்டாங்க சார். அடிபட்டுக் கெடந்தாக்கூட, நமக்கென்னன்னு விட்டுருவாங்க."

"புரியுதும்மா. ஆனா ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே."

நான் பஜாருக்குப் போனேன். கடையில் ஒரு குடும்பம் சால்வைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு எதையும் வாங்காமல் இறங்கியது. பாய் மடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். கோபப்படவில்லை.

"பழனி டீமுக்கு அடுத்து எப்ப ஆட்டம்?"

"அடுத்த மாசம் ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். கீழ, அவங்க ஊர்லயே."

"அத எனக்குக் குடுங்க."

"பாய், சும்மா இருங்க. அங்க போய் என்னத்துக்கு?"

"இப்பப் போகலைன்னா அப்புறம் போகவே மாட்டேன் டீச்சர். எனக்கே தெரியும்."

முடிவெடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தலைவரிடம் சொன்னபோது, "என்ன நடந்தாலும் நீங்கதான் பொறுப்பு" என்றார். அது புதிதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பழனிக்கு என் காரிலேயே போனோம். மலைப்பாதையில் இறங்க இறங்க வெயில் ஏறியது. மைதானத்தில் எங்களைக் கண்டதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அப்பா அதே வெள்ளைச் சட்டையில் கயிற்றோரம் நின்றிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். தலையை அசைத்தார், அவ்வளவுதான். கேப்டன் காசு சுண்டுவதற்கு வந்து பாயின் முன்னால் நின்றாள். தலையா பூவா என்று அவர் கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

ஆட்டம் சுமுகமாகத்தான் போனது. இரண்டாம் பாதியில், எதிரணியின் பருமனான பெண் ஒருத்தி பந்தோடு நேராக வந்தாள். கேப்டன் குறுக்கே பாய்ந்தாள். இருவரும் விழுந்தார்கள். மற்றவள் எழுந்துவிட்டாள். கேப்டன் எழுந்திரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

விசில் கேட்டது. எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு உடனே பாயைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே வரவில்லை.

பாய் அவள் பக்கத்தில் மண்டியிட்டார். தொடவில்லை. முதலுதவிக்காரரைக் கைகாட்டி அழைத்தார். ஏதோ கேட்டார், அவள் வாய் அசைந்தது. மறுபடி ஏதோ கேட்டார். எனக்குள் இரண்டு பயம் ஒரே நேரத்தில் ஓடியது. இவர் மறுபடி வெளியே அனுப்பினால் இங்கிருந்து எப்படிக் கிளம்புவது என்று ஒரு பயம். கூட்டத்துக்குப் பயந்து அனுப்பாமல் விட்டுவிடுவாரோ என்று இன்னொரு பயம். எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. இந்த முறை நான் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தேன். அப்படியும் தலை பட்டதா படவில்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள். எழுந்து நின்றாள். முதலுதவிக்காரர் சரி என்று தலையை ஆட்டினார். பாய் அவள் கண்ணைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டார். பிறகு ஆட்டத்தைத் தொடரக் கை காட்டினார். மூச்சுதான் அடைத்திருந்தது, வேறொன்றுமில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர், "இன்னைக்கு மட்டும் விட்டுட்டாரு பாரு. பயந்துட்டாரு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். "சும்மா இருப்பா. அவருதான் பக்கத்துல போய்ப் பாத்தாருல்ல."

அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றேன்.

பழனி அணி ஜெயித்தது. அப்பா எங்களிடம் வரவில்லை. ஒரு ஆளிடம் டீ கொடுத்தனுப்பினார், குடித்தோம். கேப்டன் வரிசையில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்ததுபோல் பாய்க்கும் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமையை அவள் மன்னித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மலையேறும்போது பாதி வழியில் பாய் பேசினார்.

"டீச்சர், அன்னைக்கு அந்தப் புள்ள ஒரு எட்டு பக்கவாட்டுல வச்சான்னு சொன்னேன்ல. அத இன்னும் நெனச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"வைக்கலையா?"

"வச்ச மாதிரிதான் தெரிஞ்சுச்சு. சத்தியம் பண்ணுன்னா பண்ண மாட்டேன்."

நான் வளைவில் காரை மெதுவாகத் திருப்பினேன். எதிரே காய்கறி லாரி ஒன்று இறங்கி வந்தது. அது போகும் வரை காத்திருந்தேன்.

"அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல பாய்."

"சொல்லியிருந்தா அந்தப் புள்ளையோட அப்பாகிட்ட நீங்க எப்பிடிப் பேசியிருப்பீங்க?"

நான் யோசித்தேன். அன்று அந்த அப்பாவின் முன்னால், பாய் பார்த்தார் என்று சொன்னபோது இருந்த உறுதி எனக்கு இருந்திருக்காது. வீடியோவைப் பார்த்ததுமே என் குரல் இறங்கியிருக்கும். அவளை உள்ளே அனுப்பியிருப்போமா என்று கேட்டால் தெரியவில்லை. சந்தேகம் வந்தாலே வெளியே அனுப்பு என்றுதான் விதி சொல்கிறது, சத்தியம் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அவரிடம் சொன்னேன். "இனிமே எங்கிட்ட மறைக்காதீங்க. தெரிஞ்சாலும் நான் உங்க பக்கம் நிப்பேன்."

"சரி டீச்சர்" என்றார். கொஞ்சம் கழித்து, "நிப்பீங்க" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

ஊர் எல்லையை நெருங்கும்போது என் போன் அடித்தது. வரும் சனிக்கிழமை கொடி பிடிக்க ஒத்துக்கொண்டிருந்தவர், வீட்டில் விசேஷம், வர முடியாது என்றார். அவருக்குப் பதிலாக யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வண்டியை பஜாருக்குள் திருப்பினேன்.